பலகை போட்ட கூடாரம்: மொரப்பூரிலிருந்து ஒரு மெட்டல் திருவிழாவுக்கு

போய்வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. கேசட் மாற்றிக்கொள்ளும் நம் கூட்டத்தில் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன் என்றாயே, எங்கே என்று. அடுத்த ஆகஸ்டில் போகலாமா என்று அவர்கள் யோசிக்கிறார்கள். அவர்களுக்கு வழி, செலவு, விசா விவரம் வேண்டும். எல்லாம் சொல்கிறேன். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். நடுவில் எழுந்து போய்ப் பையனைப் பார்த்துவிட்டு வருவேன், எழுத்தில் அங்கங்கே தடம் மாறினால் அதுதான் காரணம்.

மெட்டல் என்கிற இந்த இரைச்சல் பாட்டு, பெங்களூரில் விடுதியில் இருந்தபோது பிடித்த பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணமாகி மொரப்பூர் வந்தபிறகும் விடவில்லை. என் வீட்டுக்காரர் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருக்கிறார். வீடு ஸ்டேஷனுக்குப் பின்னால்தான். ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் என் ரோசலி அக்கா கொடுத்த டேப் ரெக்கார்டரை மத்தியானத்தில் போட்டால், எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று, "ஏங்க, உங்க வூட்ல லேத் பட்டறை ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்பார். சிரிக்காமல் கேட்பார்.

என் மகன் அருளுக்கு மட்டும் அந்தச் சத்தம் தொந்தரவே இல்லை. தவழ ஆரம்பித்ததிலிருந்து பாட்டுப் போட்டதும் பெட்டியிடம் வந்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். கன்னத்தையும் வைப்பான். என் ரத்தம் என்று நினைத்துக்கொள்வேன். ஊரில் ஒருத்தருக்கும் பிடிக்காத பாட்டுக்கு வீட்டில் ஒரு ரசிகன் கிடைத்ததில் எனக்கிருந்த கர்வத்தை என்னவென்று சொல்ல!

ஒன்றரை வயதாகியும் அவன் பேசவில்லை. கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், பல நேரம் திரும்பமாட்டான். எதிர்வீட்டு அம்மா ஒருநாள், "பையனுக்குக் காது சரியா கேக்குதாங்க?" என்று கேட்டுவிட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமாவிடம், அதாவது என் மாமனாரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இதுக்குப் போயி டாக்டரா? மே மாசம் வரட்டும் ஸ்டெல்லா. நம்ம வம்சத்துப் புள்ளைங்களுக்கு டாக்டரு நாந்தான்."

எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவில் தேர் கிளம்பும்போது அதிர்வேட்டுப் போடுவது மாமா குடும்பத்தின் உரிமை. இரும்புக் குழாய்களை வரிசையாக மண்ணுக்குள் புதைத்து, மருந்து கெட்டித்து, நீளக் குச்சியால் தீ வைப்பார். அந்தக் குடும்பத்தில் பிறந்த எல்லாக் குழந்தையையும் முதல் திருவிழாவிலோ இரண்டாவதிலோ வேட்டுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்காரவைப்பார்கள். திரும்பிவிட்டால் காது சுத்தம் என்று அர்த்தம். அருளையும் உட்காரவைத்தோம். முதல் வேட்டுக்கே தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினான். ஜனம் கைதட்டியது. "என் வேட்டுக்குத் திரும்பாத காது உண்டா?" என்று மாமா மீசையைத் தடவினார். அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதை அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன்.

அதற்குப் பதிலாகத்தான் அக்காவின் அழைப்பு வந்தது. அவள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வயல்வெளியில் வருடாவருடம் இரண்டு நாள் மெட்டல் திருவிழா நடக்கிறதாம். முதலுதவிக் கூடாரத்தில் அவளுக்கு இந்த வருடம் பணி. "உனக்குப் பிடித்த அந்த நாலு பேர் சனிக்கிழமை சாயங்காலம் வாசிக்கிறார்கள். குழந்தைக்கு இரண்டு வயது ஆவதற்குள் வா. டிக்கெட் நான் எடுக்கிறேன்" என்று எழுதியிருந்தாள். கடைசி வரியில், குழந்தையைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா என்று அடிக்கோடு போட்டிருந்தாள். பாசம் என்று நினைத்தேன்.

இப்போது விவரம். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு விமானக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான். மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டாம், தாயின் பாஸ்போர்ட்டில் பெயர் சேர்த்தால் போதும். தருமபுரி கலெக்டர் ஆபீசுக்கு நான் நான்கு தடவை போனேன். மொரப்பூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம், நின்றுகொண்டு போனால் இரண்டு மணி நேரம் மாதிரி. விசாவுக்குச் சென்னை போக வேண்டும். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். நான் உண்மையைச் சொன்னேன். கவுண்டரில் இருந்தவர் என் புடவையையும் இடுப்பிலிருந்த பையனையும் பார்த்துவிட்டு, இன்னொருவரைக் கூப்பிட்டு, மறுபடி சொல்லச் சொன்னார். நீங்கள் அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்றே சொல்லுங்கள்.

மொரப்பூரிலிருந்து ராத்திரி ரயிலில் சென்னை, அங்கிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து பிராங்பர்ட் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். கிளம்பும்போது பிளாட்பாரத்தில் வீட்டுக்காரர் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "அந்தச் சத்தத்துல பையன் காது போயிடப்போவுது. கிட்டக் கூட்டிட்டுப் போயிடாத." தருமபுரி பஸ் ஸ்டாண்டு எதிரிலிருக்கும் மருந்துக்கடையில் நான்கு பொட்டலம் பஞ்சு வாங்கிவைத்திருந்தேன். விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கைப்பையைத் திறந்து பஞ்சு இருக்கிறதா என்று பார்த்தேன். பஞ்சு எங்கே போய்விடும்? ஆனாலும் பார்த்தேன்.

பிராங்பர்ட்டில் அக்கா வந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு பெட்டியை நகர்த்துகிற சாக்கில் பின்பக்கம் போய், "அருளூ" என்றாள். கையிலிருந்த கார்ச் சாவிக்கொத்தை அவன் தலைக்குப் பின்னால் குலுக்கினாள். அவன் என் தாலிச் சங்கிலியைத்தான் கடித்துக்கொண்டிருந்தான்.

"புது எடம்க்கா, மெரண்டுட்டான்" என்றேன்.

"ம்" என்று சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அங்கிருந்து அவள் ஊருக்கு நாலு மணி நேரம் கார்ப் பயணம். அவள் அதிகம் பேசவில்லை. களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். திருவிழா நடக்கும் கிராமம் அக்கா வீட்டிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர். மழை. நுழைவுச் சீட்டு நாற்பது ஜெர்மன் மார்க். முதலுதவிக்காரி தங்கை என்பதால் எனக்கு இலவசம், உங்களுக்குக் கிடையாது. காரை ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிப் போகிறார்கள். ஓட்டியவர் அந்த வயலுக்குச் சொந்தக்கார விவசாயி. திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன என்று கேட்டேன்.

"மத்த நாள்ல இந்த வயல்ல உருளைக்கெழங்காம். இந்த ரெண்டு நாள் மட்டும் இந்தக் கெழங்குங்களாம்" என்று அக்கா டிரெய்லரில் இருந்தவர்களைக் காட்டினாள்.

கெழங்குகள் எல்லாம் இடுப்புவரை முடி வளர்த்த ஆண்கள். கறுப்புத் தோல் சட்டை, கையில்லாத ஜீன்ஸ் மேல்சட்டை முழுக்கப் பாண்டுக் குழுக்களின் பெயர் தைத்த துணித்துண்டுகள், மணிக்கட்டில் ஆணி அடித்த பட்டை. கழுத்தில் பார்த்தால் ஆளுக்கொரு சிலுவை. எங்கள் பங்குச் சாமியார் பார்த்தால் பூரித்துப்போவார் என்று நினைத்தேன். கிட்டத்தில் பார்த்தால் பாதிச் சிலுவை தலைகீழாகத் தொங்கியது. சட்டென்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"கண்டுக்காத. திங்கக்கெழமை இவனுங்கள்ல பாதிப் பேரு பேங்க் கவுண்டர்ல உக்காந்திருப்பானுங்க" என்றாள் அக்கா.

சேறு முழங்கால்வரை. அக்கா கொடுத்த ரப்பர் பூட்ஸைப் புடவைக்குக் கீழே மாட்டிக்கொண்டு, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். மலைமாதிரி ஒரு ஆள், தாடி மார்புவரை, என்னை வழிமறித்தான். எனக்கு உயிர் போய்விட்டது. அவன் அருளைக் காட்டினான், தன் காதைக் காட்டினான், தலையை ஆட்டி ஆட்டி என்னமோ கத்தினான்.

"புள்ளை காதுக்கு ஒண்ணுமே போடலையேன்னு திட்டறாண்டி" என்றாள் அக்கா.

பையைத் திறந்து நான்கு பொட்டலம் பஞ்சையும் எடுத்துக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்து, கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கி எங்களுக்கு வழி செய்துகொடுத்தான். அருள் அவன் தாடியைப் பிடித்து இழுத்தான். வந்த இடத்தில் எனக்குப் பயம் போனது அப்போதுதான்.

முதலுதவிக் கூடாரம் மேடையிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி இருந்தது. சேற்றுக்காகத் தரை முழுக்கப் பலகை பரப்பியிருந்தார்கள். மத்தியானம்வரை பாண்டு மாற்றி பாண்டு வாசித்தார்கள். கேசட்டில் கேட்பது ஒன்றுமே இல்லை. சத்தம் நெஞ்செலும்பில் வந்து இடிக்கிறது. பையன் காதில் பஞ்சு, அதன்மேல் கம்பளிக் குல்லாய், அதன்மேல் என் உள்ளங்கை. பாட்டைக் கேட்டேனா, பையனைப் பிடித்தேனா என்றே தெரியாமல் நேரம் போனது. அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். காயத்துக்குக் கட்டுப்போட வந்த பெண்கள், "எவ்வளவு சமர்த்து!" என்பதுபோல் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஐந்து மணிக்கு நான் காத்திருந்த அந்த நாலு பேர் வருவதாக அறிவித்தார்கள். இதற்காகத்தானே வந்தேன்? அருளைத் தூக்கிக்கொண்டு கூடாரத்து வாசலுக்கு வந்து நின்றேன். அவன் விழித்திருந்தான். குல்லாயைப் பிடுங்கி எறிந்தான், பஞ்சையும் பிடுங்கினான். நான் குனிந்து எடுப்பதற்குள் மேடையில் மைக் கீச்சிட்டது. பஸ் பிரேக் பிடிப்பதுபோல் ஆயிரம் மடங்கு. பத்தாயிரம் பேர் ஒரே சமயத்தில் காதைப் பொத்தினார்கள். அந்த மலைமாதிரி ஆள்கூடப் பொத்தினான். என் பல் கூசியது.

அருள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். கண்ணிமைகூட அசையவில்லை.

ஆண் பிள்ளை, பயப்படவில்லை என்று நான் நினைத்தது நிஜம். ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன். அவன் கீழே இறங்கத் திமிறினான். பலகைமேல் விட்டேன். அந்த நேரம் டிரம் ஆரம்பித்தது. பெரிய டிரம், காலால் மிதிப்பார்களே, அது. அருள் சட்டென்று நிமிர்ந்தான். பிஸ்கட்டைப் போட்டுவிட்டு இரண்டு உள்ளங்கையையும் பலகையில் வைத்தான். பிறகு கன்னத்தை வைத்தான். சிரித்தான்.

வீட்டில் பெட்டிமேல் கை வைப்பானே, அதே மாதிரி.

தூக்கினேன். சிரிப்பு நின்றுவிட்டது. மேடைப்பக்கம் திரும்பவே இல்லை. பிஸ்கட்டைத் தேடினான். கீழே விட்டேன், சிரித்தான். தூக்கினேன், நின்றது. பாட்டு அதேதான், சத்தமும் அதேதான். மூன்றாவது தடவை தூக்கியபோது எங்கள் ஊர்த் தேரடி கண்முன்னால் வந்தது. மாமாவின் குழாய்கள் மண்ணுக்குள் புதைந்திருக்கின்றன. பையன் அதே மண்ணில் உட்கார்ந்திருக்கிறான். திரும்பினானே, திரும்பினானே என்று ஊரே கைதட்டுகிறது.

உள்ளே ஓடி, மேசைமேலிருந்த எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்தேன். பையனை ஒரு கையில் தூக்கிவைத்துக்கொண்டு அவன் பிடரிக்குப் பின்னால் ஓங்கி ஓங்கி அடித்தேன். கட்டிலில் படுத்திருந்த போதை ஆசாமி எழுந்து உட்கார்ந்தான். என் பையன் என் முகத்தைப் பார்த்து, நான் ஏன் அழுகிறேன் என்று கேட்பதுபோல் என் வாயைத் தொட்டான்.

அக்கா வந்து கரண்டியை வாங்கினாள்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"உன் லெட்டர்ல வேட்டுக் கதை படிச்சப்பவே சந்தேகம். ஏர்போர்ட்ல தெரிஞ்சுபோச்சு."

"ஏன்க்கா சொல்லல? மூணு நாளா ஒரே வூட்ல இருக்கோம்!"

"சொன்னா நீ மறுபடி வேட்டுக் கதையத்தானே சொல்லுவ? மாமா அப்படிச் சொன்னாருன்னு திரும்பப் பிளேன் ஏறிப் போயிருப்ப. இன்னிக்கி ராத்திரி சொல்லலாம்னு இருந்தேன். திங்கக்கெழமை காலைல காது ஆஸ்பத்திரில பேரு குடுத்து வெச்சிருக்கேன் ஸ்டெல்லா. அதுக்குத்தான் உங்கள வரச்சொன்னேன். பாட்டுக்குன்னு சொன்னாத்தான் நீ கெளம்புவ."

கோபம் வந்தது. அவள்மேல், மாமாமேல், எனக்குக் கர்வம் கொடுத்த அந்தப் பெட்டிமேல். வெளியே அந்த நாலு பேர் என் உயிருக்குயிரான பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வரிகூட நினைவில்லை. பலகையில் பையன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் என் கையைப் பிடித்து இழுத்துப் பலகையில் வைத்தான். இதைப் பார் என்பதுபோல.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் பஞ்சு மெத்தை ஒட்டிய ஒரு சின்ன அறைக்குள் வைத்துப் பரிசோதித்தார்கள். இரண்டு காதும். மெல்லிய சத்தம் எதுவும் இல்லை, மிகக் கனமான சத்தம் மட்டும் கொஞ்சம் எட்டுகிறது. காதுக்குக் கருவி போடலாம், பேச்சுப் பயிற்சியும் வேண்டும், சின்ன வயதிலேயே ஆரம்பிப்பது நல்லது என்றார் டாக்டர் அம்மா. இன்னும் ஒரு வருடம் வேட்டுச் சத்தத்தை நம்பிக்கொண்டு இருந்திருப்போமே என்ற எண்ணம் இப்போதும் என்னைத் தூங்கவிடுவதில்லை. திரும்புகிற டிக்கெட்டைப் பத்து நாள் தள்ளிப்போட்டோம். மார்பில் கட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு இரண்டு ஒயர். அதோடுதான் விமானம் ஏறினோம். பாதுகாப்புச் சோதனையில் அதை மூன்று இடத்தில் கழற்றச் சொன்னார்கள். டாக்டர் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் போடாதீர்கள்.

மொரப்பூர் பிளாட்பாரத்தில் வீட்டுக்காரர் அந்த ஒயரைப் பார்த்து, "என்ன இது, ரேடியோவா?" என்று சிரித்தார். சொன்னேன். சாமான் தள்ளுவண்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு பையனை வாங்கிக்கொண்டு, ஒரு ஒயர்கூட அசையாமல், தலைமேல் குடம் வைத்தவர்போல நடந்து வீட்டுக்கு வந்தார்.

மாமாதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"வேட்டுக்குத் திரும்புனானே ஸ்டெல்லா. ஊரே பாத்துச்சே!"

"தரையில உக்காந்திருந்தான் மாமா. உங்க குழாயும் தரைக்குள்ளதான் இருந்துச்சு. மண்ணு அதிர்ந்ததுக்குத்தான் திரும்புனான்."

அவர் கருவியைக் கழற்றிவைத்திருந்த நேரம் பையனுக்குப் பின்னால் போய்க் கைதட்டிப் பார்த்தார். துண்டை உதறிப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, தரையில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். அது சிமெண்டுத் தரை, பையன் திரும்பவில்லை. மாமா எழுந்து வெளியே போனார். நாலு நாள் சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்கு வந்தார். ஐந்தாம் நாள் காலை சைக்கிள் கேரியரில் மூன்று நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு வந்தார். மரவாடியில் இழைத்து வாங்கியவை. வாசற்படியிலிருந்து பையன் விளையாடும் மூலைவரை, அடியில் சட்டம் கொடுத்து அடித்தார். அடித்து முடித்து, வாசற்படியருகே நின்று குதிகாலால் இரண்டு உதை உதைத்தார்.

மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அருள் திரும்பிப் பார்த்தான்.

"வாடா என் வேட்டுக்காரா" என்றார் மாமா.

இப்போது வாரம் ஒரு தடவை சேலத்துக்குப் பயிற்சிக்குப் போகிறோம். 'மா' வருகிறது. சில நாள் வருவதில்லை. வராத நாளில் எனக்கு எதுவும் ஓடுவதில்லை. டேப் ரெக்கார்டரை வந்த புதிதில் தொடவே இல்லை. போன வாரம்தான் போட்டேன். அவன் வந்து கை வைத்தான். நானும் பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு, அவன் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். கிட்டார் இல்லை, பாட்டு இல்லை. அடி மட்டும் இருந்தது. அது நன்றாகத்தான் இருந்தது.

போகிறவர்களுக்கு மிச்ச விவரம். ஆகஸ்டிலும் அங்கே குளிரும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பூட்ஸ் இல்லாமல் வயலில் இறங்காதீர்கள். பீர் அட்டை டம்ளரில்தான் தருவார்கள், பழச்சாறும் அதே டம்ளரில், மோந்து பார்த்துக் குடியுங்கள். சாப்பாட்டுக்கு சாசேஜ் என்கிற பன்றிக்கறிக் குழல்தான், ஊறுகாய் பாட்டில் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். ஆணிப் பட்டை போட்டவர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். குழந்தையோடு போனால் பஞ்சு வையுங்கள். ஆனால் அதற்கு முன்னால், பஞ்சு எதுவும் வைக்காமல், குழந்தையை மண்ணிலோ பலகையிலோ விடாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து மெதுவாக ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். அதை ஊரிலேயே செய்துவிடுங்கள்.

மேடைக்கு முன்னால் இடம் பிடிக்க முட்டிமோத வேண்டியதில்லை. முதலுதவிக் கூடாரம் வலதுபக்கம் இருக்கும், பலகை போட்டிருப்பார்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டு வரும்போது அங்கே போய், பூட்ஸைக் கழற்றிவிட்டு நில்லுங்கள்.